தேய்க்காமல் விட்ட கறை

என் மருமகன் புதுக் கார் வாங்கியதும் வேங்கிக்காலில் ஒரு கடையில் விட்டு ஏதோ கோட்டிங் போட்டுக்கொண்டு வந்தார். இனிமேல் அந்தப் பெயிண்டில் எந்தக் கறையும் ஒட்டாதாம். தண்ணீரைப் பீய்ச்சினால் போதுமாம், கையால் தொடவே வேண்டாமாம். "மாமா, நீங்க இத்தினி வருஷமா காரைத் தொடச்சிகினு இருந்தீங்களே, இனிமே அந்த வேலையே கெடையாது" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். தொடாமலே பெயிண்டைக் காப்பாற்ற முடியும் என்று நம்புகிறவரிடம் என்ன பேசுவது?

ஆனால் கறை ஒட்டாது என்ற அந்தப் பேச்சு என்னை விடவில்லை. டிரைவர் என்றுதான் எனக்குப் பெயர். வண்டி ஓட்டிய நேரத்தைவிடத் துடைத்த நேரம் ஜாஸ்தி. வாங்கிய சம்பளத்தில் பாதி கறையை எடுத்ததற்கு என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு கறையை, எடுக்கச் சொல்லி முதலாளி உத்தரவு போட்டும், எடுக்காமல் வைத்திருந்தேன். ஒரே ஒரு பகலின் சங்கதி அது.

டாக்சி ஸ்டாண்டில் கிளீனராகத்தான் ஆரம்பித்தேன். அங்கே கற்றதில் பாதியை மறப்பதற்கே பிறகு பாடுபட வேண்டியிருந்தது. வாளித் தண்ணீரில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் வண்டி கண்ணாடி மாதிரி மின்னும். மறுநாள் அதே எண்ணெய்ப் பசையில் ஊர்ப் புழுதி முழுக்க ஒட்டிக்கொள்ளும். அதைத் துணியால் இழுத்தால் பெயிண்ட் முழுக்க மெல்லிய கோடுகள். ஸ்டாண்டில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன்.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் ஊருக்கு ஆள் வரத்து கூடியது. செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்த தணிகாசலம் முதலாளி அப்போதுதான் என்னை வேலைக்கு எடுத்தார். ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர், பிறகு லாரி வாங்கியவர், அதையும் விற்று லாட்ஜ் கட்டியவர். வேங்கிக்காலில் புது வீடு. வீட்டு வேலையாட்கள் அவருக்குப் பயப்படுவார்கள். அவர் கத்திப் பேசி நான் பார்த்ததில்லை. அதுதான் பயமே.

காலையில் நான் வண்டியைக் கழுவி முடித்ததும் போர்டிகோவுக்கு வருவார். சட்டைப் பையிலிருந்து மெல்லிய பாலிதீன் கவர் ஒன்றை எடுத்துக் கையில் மாட்டிக்கொள்வார். அந்தக் கையால் பானெட்டை மெதுவாகத் தடவுவார். வெறும் கைக்குத் தெரியாத மணல் கவருக்குத் தெரியும். எங்காவது நறநறவென்றால் கை நின்றுவிடும். என்னைப் பார்க்க மாட்டார். துணியை எடுத்து என்னிடம் நீட்டி, தாழ்ந்த குரலில், "இன்னொரு வாட்டி" என்பார். உள்ளே போய்விடுவார். வேறு திட்டு கிடையாது. அந்த இரண்டு வார்த்தைக்குப் பயந்தே தொழிலை ஒழுங்காகக் கற்றேன். அந்த நன்றி அவர்மேல் எனக்கு இன்னும் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அவர் ஒரே மகன் பாஸ்கருக்குக் கல்யாணம் நடந்தது. பெண் மலர்க்கொடி. முதலாளியின் மனைவி வீட்டம்மாவுக்குத் தூரத்து உறவு. பெண்ணின் அப்பா முனுசாமி செய்யாறு பக்கம் ஒரு பஸ் டிப்போவில் மெக்கானிக். ஜாதகம் அத்தனை பொருத்தம் என்று ஜோசியர் சொன்னதால்தான் வீட்டம்மா சம்மதித்தார். ஆனாலும் "மெக்கானிக் பொண்ணு" என்ற பேச்சு சமையலறையில் ஓயவில்லை. அந்தப் பெண்ணோ வந்த சில நாளிலேயே என்னை "அண்ணா" என்று கூப்பிட்டு, டீ கொடுக்கும்போது "சக்கர போதுமா?" என்று கேட்டாள். அந்த வீட்டில் அப்படிக் கேட்ட முதல் ஆள் அவள்.

கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் புதுக் கார் வந்தது. கருப்பு நிறம். கருப்பு வண்டியைப் பார்த்துக்கொள்வது கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது போல, கண்ணை எடுக்க முடியாது. வேலூரிலிருந்து ஓட்டி வந்த அன்று மாலை நானே கழுவித் துடைத்து ஷெட்டில் விட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை பூஜை. மருமகள் கையால் ஆரத்தி காட்டினால் லட்சுமி வருவாள் என்று வீட்டம்மா சொல்ல, மலர்தான் எல்லாம் செய்தாள். பானெட்டில் சந்தனம் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தாள். மாமியார் காட்டிய இடத்தில், அந்தச் சந்தனத்தின் மேலேயே, வெற்றிலை வைத்து அதன்மேல் கற்பூரம் ஏற்றினாள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டியை நகர்த்தினேன்.

இங்கேதான் எனக்கும் வீட்டம்மாவுக்கும் எப்போதும் தகராறு. பூஜை வைத்த பொட்டைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது, தானாக உதிர வேண்டும் என்பது அவர் கட்டளை. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த குங்குமம் வெயிலில் காய்ந்தால் பெயிண்டைக் கடித்துவிடும் என்பது என் கவலை. முதலாளி மற்ற எல்லாவற்றிலும் என் பக்கம், இதில் மட்டும் மனைவி பக்கம். சந்தனம் காய்ந்து ஓரம் தூக்கும்வரை காத்திருந்தேன். பிறகு ஒருவழியாக உத்தரவு கிடைத்தது. ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டு மெதுவாக எடுத்தேன். சந்தனத்தோடு சேர்ந்து பெயிண்டும் கிளம்பியது.

உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பாலாடை போலச் சுருங்கித் தூக்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வீட்டம்மா மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"கற்பூரம் வெச்ச எடம்! புது வண்டிய எரிச்சி வெச்சிட்டா பாரு!"

அதே வாரம் லாட்ஜில் தண்ணீர் மோட்டார் வேறு புகைந்து போயிருந்தது. அதற்கும் மலர்தான் காரணம் என்று ஆனது. அவள் அந்தப் பக்கமே போனதில்லை. காலடி சரியில்லை என்று தொடங்கிய பேச்சு, ஒரு வருஷம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்பதில் போய் நின்றது. அப்படி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் சொந்தத்திலேயே ஒருத்தி இருந்தாள். டிப்போவுக்குப் போன் போட்டு, மறுநாள் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகும்படி அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள்.

நான் அந்த இடத்தை மறுபடி பார்த்தேன். நெருப்பு பட்ட பெயிண்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கொப்புளம் வரும், நடுவில் கருகும், ஓரம் பழுக்கும். இதில் அதெல்லாம் இல்லை. நகத்தால் தொட்டால் மெத்தென்று அமுங்கியது, விரலில் பிசுபிசுத்தது. ஷெட்டுக்குள் போனேன். அலமாரியில் பழைய வண்டிக்காக வாங்கிய பிரேக் ஆயில் டப்பா இடம் மாறி இருந்தது. மூடி சரியாகத் திருகவில்லை.

புது வண்டியைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டது யார் என்று கேட்கவே வேண்டாம். பாஸ்கர் தம்பி வந்து நின்றார்.

"அண்ணா, பூஜைக்கு மொத நாள் ராத்திரி பாத்தேன், ஆயில் கொஞ்சம் கம்மியா இருந்தாப்ல இருந்திச்சி. ஊத்திட்டு, பானெட்ட மூடி டப்பாவ அது மேல வெச்சேன். லேசா வழிஞ்சிது. அப்பவே காஞ்ச துணில தொடச்சிட்டேன்ணா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

பிரேக் ஆயில் என்று பெயர்தானே தவிர, அது தண்ணீரில் கரைகிற சரக்கு. சிந்தின உடனே ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. காய்ந்த துணியால் துடைத்தால் அது பெயிண்டில் பரவி உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் சந்தனத்தைப் பூசி மூடி, தண்ணீரே படக் கூடாது என்று நாள்கணக்கில் வைத்திருந்தோம். எங்கள் பக்தியும் அதற்கு ஒத்தாசை செய்தது.

"தம்பி, வெளிய அனுப்பறது அந்தப் பொண்ண. நீங்க சொல்லிடுங்க" என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த துணியை முறுக்கிக் கிழித்துவிட்டேன்.

மறுநாள் காலை முதலாளி வழக்கம்போல் கவர் மாட்டிக்கொண்டு வந்தார். பானெட்டைத் தடவினார். அந்த இடத்தில் கை நின்றது. கவரைக் கழற்றி, வெறும் விரலால் அமுக்கி, விரலை மூக்கருகே கொண்டுபோனார். பாதி ஆயுசு லாரியோடு வாழ்ந்த மனுஷன். அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"ஐயா, இது கற்பூரம் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன்.

"கற்பூரம்னு சொல்லியாச்சி ஏழுமல. கற்பூரமாவே இருக்கட்டும்." குரல் கொஞ்சமும் உயரவில்லை. "சம்பந்தி மதியம் வராரு. அதுக்குள்ள இது இருக்கக் கூடாது. பேப்பர் போட்டு, பெயிண்ட் வெச்சி முடிச்சிடு."

லாட்ஜுக்கு ஆட்டோவில் கிளம்பிப் போனார். மகனுடைய பெயருக்காக மருமகளை விட்டுக்கொடுக்க முடிவெடுத்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெக்கானிக்கான சம்பந்தி கண்ணில் அது பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் அல்லவா?

வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வாளியில் ஊறப்போட்டேன். அந்தச் சுருக்கத்தை அதைக்கொண்டு தேய்த்து மட்டமாக்கி, டச்சப் பெயிண்ட் வைத்து, காய்ந்ததும் மெருகேற்றும் காம்பவுண்ட் போட்டு, மெழுகும் ஏற்றிவிட்டால் அங்கே என்ன நடந்தது என்று கடவுளுக்கும் தெரியாது. கொஞ்ச நேர வேலைதான். அப்போது மலர் டீ கொண்டுவந்தாள். கண் வீங்கியிருந்தது. வாளியையும் பேப்பரையும் பார்த்தாள். மெக்கானிக் வீட்டுப் பெண், அது எதற்கு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அண்ணா, வெத்தல மேலதான் கற்பூரம் வெச்சேன். அணைஞ்சப்புறம் அந்த வெத்தல பச்சையாத்தான் இருந்திச்சி. வெத்தல கருகாம வண்டி எப்பிடிண்ணா எரியும்? சொன்னா யாரும் கேக்கல."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கப்பா வந்து பாக்கற வரைக்கும் அதத் தேய்க்காதீங்கண்ணா. அது போயிட்டா எனக்குன்னு காட்ட ஒன்னியும் இல்ல."

வேலை போனால் எனக்கு வேறு கதி இல்லை. இரண்டு பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். செய்ய மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்கிற தைரியம் அன்றைக்கு எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், காரைக் கழுவுவது. அதையே செய்தேன். ஆயுளில் அவ்வளவு மெதுவாக நான் எந்த வண்டியையும் கழுவியதில்லை.

முதலில் வெறும் தண்ணீர். துணியே தொடாமல் கூரையிலிருந்து மெல்ல ஊற்றிப் புழுதியை இறக்கினேன். சக்கரத்துக்குத் தனி வாளி, தனித் துணி. அதைக் கழுவிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டேன். பிறகு ஒரு வாளியில் தலைக்குப் போடுகிற ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்தேன். பக்கத்தில் இன்னொரு வாளி, அழுக்குத் துணியை அலச. கூரை, கண்ணாடி, கதவு என்று மேலிருந்து கீழே. வட்டமாகத் தேய்க்காமல் நேர் கோட்டில் மட்டும். ஒரு இழுப்பு, ஒரு அலசல். நடுவில் துணி நழுவித் தரையில் விழுந்தது. தரையில் விழுந்த துணி மறுபடி பெயிண்டில் படக் கூடாது, ஒரு மணல் போதும். புதுத் துணி தேட ஷெட்டுக்குப் போனேன். தேட வேண்டிய நேரத்தைவிடக் கூடவே தேடினேன்.

ஜன்னலிலிருந்து வீட்டம்மா குரல் வந்தது. "இன்னா ஏழுமல, இன்னுமா கழுவற?"

"அவசரப்பட்டா கோடு விழுந்துடும்மா. கருப்பு வண்டி."

சொட்டு நீர் காய்ந்தால் திட்டுத் திட்டாகத் தடம் விழும். அதனால் தண்ணீரை உறிஞ்சும் ஷாமி தோலை விரித்து ஒத்தி ஒத்தி எடுத்தேன். மலைப் பக்கம் போய்வந்ததில் டிக்கியில் குரங்கு எச்சம் இருந்தது. அதன்மேல் ஈரத் துணியைப் போட்டு இளகும்வரை உட்கார்ந்திருந்தேன். கதவு இடுக்கு, நம்பர் பிளேட்டின் ஓரம், வைப்பரின் அடி என்று யாரும் பார்க்காத இடமெல்லாம் அன்றைக்குச் சுத்தமாயிற்று. பானெட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தேன். தெருவில் ஒவ்வொரு ஆட்டோ சத்தத்துக்கும் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். முதலாளி முன்னால் வந்தால் என் கதை முடிந்தது. முனுசாமி முன்னால் வந்தால் அந்தப் பெண் பிழைத்தாள்.

முதலாளிதான் முன்னால் வந்தார்.

வண்டி முழுக்க மை போல மின்னியது. பானெட்டின் நடுவில் அந்தச் சுருக்கம் அப்படியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஊறுகிற பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்தில் அவர் வண்டியைவிட்டு என் முகத்தைப் பார்த்தது அதுவே முதல் தடவை.

"ஏன்?"

"வண்டி இன்னும் காயலீங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். வாளிக்குள் கைவிட்டுப் பேப்பரை எடுத்து இரண்டாக மடித்தார். தானே குனிந்தார். பேப்பரிலிருந்து தண்ணீர் பானெட்டில் சொட்டியது. என்னையறியாமல் நான் அவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு எட்டு வைத்தேன். "நவுரு" என்றார், அதே தாழ்ந்த குரலில். என் கால் நகரவில்லை. தைரியத்தால் அல்ல, பயத்தில் மரத்துப்போயிருந்தது.

கேட்டில் ஆட்டோ வந்து நின்றது.

காக்கிச் சட்டையோடு முனுசாமி இறங்கினார். டிப்போவிலிருந்து நேராக வந்திருக்கிறார். கையில் சாத்துக்குடிப் பை. "வாங்க சம்பந்தி" என்று முதலாளி நிமிர்ந்தார். பேப்பரை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தார். வீட்டம்மா வெளியே வந்து, கும்பிட்ட கையோடு கற்பூரக் கதையை ஆரம்பித்துவிட்டார். வாசற்படியில் மலர், பக்கத்தில் அவள் பெட்டி. பாஸ்கர் தூணோரம்.

முனுசாமி கதையைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆனால் ஆயுசு முழுக்க வண்டியோடு புழங்கியவருடைய கண் எங்கே போகும்? பையைக் கீழே வைத்துவிட்டு பானெட்டருகே வந்தார். நகத்தால் அந்தச் சுருக்கத்தின் ஓரத்தைத் தூக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார்.

"யாரு பிரேக் ஆயில் ஊத்தனது?"

அதட்டவில்லை. டிப்போவில் தினம் கேட்கிற கேள்வியைக் கேட்பதுபோல்தான் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி கையிலிருந்த ஈரப் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் மாமா" என்றார் பாஸ்கர். குரல் உடைந்திருந்தது.

வீட்டம்மா தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாம் முடிந்தது, பெட்டி உள்ளே போய்விடும் என்று நினைத்தேன். மலர் குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். புருஷன் எதிரில் வந்து நின்றாள்.

"இத அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் அழுதுகினு இருக்கப்போறேன்? நான் எங்க வூட்டுக்குப் போறேன். யாரும் அனுப்பி இல்ல, நானே போறேன். நீங்க வந்து கூப்பிட்டா வரேன். பஸ்ல வாங்க. இந்தக் கார்ல வராதீங்க."

அப்பாவும் பெண்ணும், அவர் வந்த ஆட்டோவிலேயே ஏறிப் போனார்கள். சாத்துக்குடிப் பை போர்டிகோவிலேயே கிடந்தது.

மறுநாள் காலை, கணக்கு முடித்துக்கொண்டு போகச் சொல்வார் என்று தயாராகத்தான் போனேன். முதலாளி வெளியே வந்தார். கையில் கவர் இல்லை. "இப்ப பேப்பர் போடு" என்று மட்டும் சொன்னார். போட்டேன். பெயிண்ட் வைத்து, காய வைத்து, காம்பவுண்ட் போட்டு, பழைய மல் வேட்டித் துணியில் மெழுகேற்றினேன். என் வேலையில் அதைவிட நேர்த்தியாக ஒன்றைச் செய்ததில்லை. அவர் வந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஓய்வுபெறும்வரை அவர் கவர் மாட்டிக்கொண்டு வரவே இல்லை. "இன்னொரு வாட்டி" என்ற வார்த்தையையும் நான் கேட்கவில்லை. என்மேல் கோபமா, நம்பிக்கையா, தன்மேலேயே வெட்கமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் தினமும் அந்த வார்த்தையை எதிர்பார்த்தே துடைத்தேன்.

பாஸ்கர் தம்பி உடனே போகவில்லை. கொஞ்சநாள் முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நாள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். "நான் கொண்டுபோய் விடட்டுமா தம்பி?" என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். மறுநாள் இருவரும் வெயிலில் வேர்த்து நனைந்து தெருமுனையிலிருந்து நடந்து வந்தார்கள்.

மலர் வீட்டுக்குள் போகவில்லை. நேராக போர்டிகோவுக்கு வந்தாள். பானெட்டைத் தடவித் தேடினாள். அவள் கை அந்த இடத்தைத் தாண்டிப் போனது, திரும்பி வந்தது, கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்பண்ணா எடுத்தீங்க?"

"நீ போன மறுநாளும்மா. எல்லாருக்கும் நெசம் தெரிஞ்சப்புறந்தான்."

"மறுநாளா?" என்று இன்னொரு தடவை கேட்டாள். தலையை ஆட்டினேன்.

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, படியேறி உள்ளே போனாள்.